நீலப் பழமும் அதைத் தேடிக் கொடுத்தவர்களும்



பால்மரம் வெட்டிப் பழகிய ஒருவரிடம், "உங்கள் நிரையில் நல்ல மரம் எது?" என்று கேட்டுப் பாருங்கள். அவர் யோசிக்கவே மாட்டார். "ஓடைக்கரையில் வளைந்து நிற்கிறதே, அந்த மரம். மங்கு நிறைந்து வழியும். அதற்கு அடுத்தது வெறும் மரம், கத்தி போட்டதுதான் மிச்சம்" என்பார். ஒரு தோட்டத்து மரங்களின் குணம் நிர்வாகியைவிட, கணக்கெழுதும் கிராணியைவிட, நாள்தோறும் அவற்றைத் தொட்டு வேலை செய்கிறவருக்கே நன்றாகத் தெரியும். இந்த அறிவு நம் வீடுகளில் சாதாரணமாகப் பேசப்படுகிறது. சாதாரணமாகப் பேசப்படுவதாலேயே அதன் மதிப்பை நாம் எண்ணிப் பார்ப்பதில்லை.

அத்தகைய அறிவுக்கு ஒரு காலத்தில், ஓர் ஊரில், கூலியும் மதிப்பும் கிடைத்தன. அதனால் உலகத்துக்கே ஒரு புதிய பயிர் கிடைத்தது. அந்த வரலாற்றைத்தான் இன்று நாம் காணப் போகிறோம். அந்தப் பயிரின் பெயர் புளூபெரி.

சுங்கை பட்டாணியிலோ பினாங்கிலோ உள்ள பேரங்காடிகளில் இந்தப் பழத்தைச் சிலர் பார்த்திருப்பீர்கள். சிறு பிளாஸ்டிக் பெட்டிக்குள் கருநீல நிறத்தில், நாவற்பழத்தைவிடச் சிறியதாக, மேலே சாம்பல் பூத்தாற்போல் இருக்கும். விலையைப் பார்த்துவிட்டு மறுபடி வைத்துவிட்டு வந்தவர்களும் உண்டு. நெல்லும் வாழையும் மாவும் பல்லாயிரம் ஆண்டுகளாக மனிதன் பயிரிட்டு வந்தவை. புளூபெரியோ தோட்டப் பயிராகி நூறாண்டுகளுக்குச் சற்று அதிகமாகத்தான் ஆகிறது. பிரேசில் நாட்டு ரப்பர் கன்றுகள் 22 சிங்கப்பூருக்கு வந்து சேர்ந்தது 1877ஆம் ஆண்டில். தோட்டத்தில் விளைந்த புளூபெரி முதன்முதலாக விற்பனைக்குப் போனது 1916ஆம் ஆண்டில். அதாவது, நம் நாட்டு ரப்பரைவிட இது வயதில் இளையது.

அதற்கு முன்பு இந்தப் பழம் இல்லையா? இருந்தது. வட அமெரிக்காவின் குளிர்ந்த காடுகளிலும் சதுப்பு நிலங்களிலும் அது தானே முளைத்துக் கிடந்தது. அந்நாட்டின் ஆதிக்குடிகள் பழத்தைப் பறித்து உலர்த்தி, பனிக்காலத்துக்கென்று சேமித்து வைத்தார்கள். பின்னர் ஐரோப்பாவிலிருந்து வந்து குடியேறியவர்களும் காட்டுக்குப் போய்ப் பறித்து வந்தார்கள். ஆள் உயரத்துக்கும் மேலே வளரும் ஓர் இனம் உண்டு. அதை உயர்புதர் புளூபெரி என்று சொல்லலாம். முழங்காலுக்குக் கீழே படரும் இனமும் உண்டு. இரண்டும் காட்டுச் செடிகளே. தோண்டிக் கொண்டுவந்து தோட்டத்தில் வைத்தவர்கள் பலர். வைத்த செடிகள் பெரும்பாலும் செத்துப்போயின. "இது காட்டுக்கென்றே பிறந்த செடி, வீட்டுக்கு வராது" என்று மக்கள் முடிவு கட்டிவிட்டார்கள்.

அந்த முடிவை ஏற்காதவர் ஒருவர் இருந்தார். ஃபிரெடரிக் கோவிள் என்பது அவர் பெயர். அமெரிக்க அரசாங்கத்தின் விவசாய இலாகாவில் தாவர ஆராய்ச்சியாளர். 1906ஆம் ஆண்டில் அவர் புளூபெரியை ஆராயத் தொடங்கினார். செடி ஏன் சாகிறது என்பதுதான் அவருடைய முதல் கேள்வி.

அவர் கண்ட விடை வியப்பானது. மக்கள் செடியைக் கவனிக்காமல் விட்டதால் அது சாகவில்லை. அதிகமாகக் கவனித்ததால் செத்தது! நல்ல தோட்டமண், மக்கிய சாணம், சுண்ணாம்பு என்று மற்றப் பயிர்களுக்கு எதையெல்லாம் கொடுப்பார்களோ, அதையெல்லாம் புளூபெரிக்கும் கொடுத்தார்கள். சுண்ணாம்பு மண்ணின் புளிப்பை எடுத்துவிடும். புளூபெரிக்கோ புளிப்பு மண்தான் உயிர். மண்ணின் புளிப்பை அளக்க ஓர் அளவு உண்டு. அதில் 7 என்பது நடு நிலை. எண் குறையக் குறையப் புளிப்பு மிகும். புளூபெரி விரும்புவது ஏறத்தாழ 4.5 முதல் 5.5 வரையுள்ள மண். அத்தகைய மண்ணில் அதன் மெல்லிய வேர்களோடு ஒருவகைப் பூஞ்சை சேர்ந்து வாழ்ந்து, செடிக்கு உணவு எடுத்துக் கொடுக்கிறது. வளமான மண் என்று நாம் நினைப்பதில் அந்தச் செடியின் இலைகள் மஞ்சளாகி, வளர்ச்சி நின்று போகிறது.

கெடாவில் நம் ரப்பர் நிற்கும் செம்மண்ணும் புளிப்பு மண்தான். தேயிலையும் புளிப்பு மண்ணை விரும்புவதே. அதனால்தான் கேமரன் மலையின் பாசி படர்ந்த காடுகளிலும், தமிழ்நாட்டின் நீலகிரிச் சோலைகளிலும் புளூபெரியின் உறவுச் செடிகள் தாமாகவே வளர்கின்றன. அப்படியானால் கோலா கெத்திலில் உயர்புதர் புளூபெரியை நட்டால் காய்க்குமா? காய்க்காது. காரணம், கோவிள் கண்ட இரண்டாவது உண்மை.

பனிக்காலத்தில் செடி குளிரில் வாட வேண்டாமே என்று, சில செடிகளை அவர் வெதுவெதுப்பான கண்ணாடி வீட்டுக்குள் வைத்துக் காப்பாற்றினார். சிலவற்றை வெளியே பனியில் விட்டார். வசந்தம் வந்தது. பனியில் கிடந்தவை தழைத்துப் பூத்தன. கண்ணாடி வீட்டில் சுகமாக இருந்தவை தூங்கி வழிந்தன. இரண்டு மூன்று மாதக் குளிர் பட்டால்தான் அதன் மொட்டுகள் விழித்துக் கொள்ளும் என்று அவர் கண்டார். இதை 1920ஆம் ஆண்டில் அறிவியல் உலகுக்கு விளக்கி எழுதினார். இன்றைய கணக்கில், 7 டிகிரிக்குக் கீழான குளிர் ஏறத்தாழ 800 முதல் 1,000 மணி நேரம் வேண்டும். கெத்தில் ஆறு மூடா ஆற்றோடு கலக்கும் நம் ஊரில், மழை பெய்து காற்று அடித்தாலே நாம் போர்வை தேடுகிறோம். அந்தக் குளிர் அதற்கு ஒரு மணி நேரக் கணக்குக்கும் உதவாது.

ஓய்வு என்பது நம் பால்மரத்துக்கும் உண்டு. வறட்சியான முதல் மாதங்களில் மரம் இலை உதிர்க்கும், பால் குறையும், கையில் வரும் சம்பளமும் குறையும். தோட்டக் குடும்பங்களுக்கு அது நெருக்கடியான காலம். ஆனால் பால்மரத்துக்கு இலையுதிர்க்க வறட்சி போதும். புளூபெரிக்கு நீண்ட குளிர் வேண்டும். ஒவ்வொரு பயிருக்கும் அதனதன் விரதம்!

சரி, செடி எந்த மண்ணில், எந்தக் குளிரில் வாழும் என்பது தெரிந்துவிட்டது. இனி வேண்டியது நல்ல செடி. காட்டுப் புதர்கள் ஒன்றுபோல் ஒன்று இருப்பதில்லை. ஒரு புதரில் மிளகளவு பழம். பக்கத்துப் புதரில் சுண்டைக்காய் அளவு பழம். ஒன்று இனிக்கும்; ஒன்று புளிக்கும். 1908ஆம் ஆண்டில் நியூ ஹாம்ப்ஷர் மாநிலத்தில், புரூக்ஸ் என்பவருடைய மேய்ச்சல் நிலத்தில் கோவிள் ஒரு நல்ல புதரைக் கண்டார். அதற்குப் புரூக்ஸ் என்றே பெயரிட்டார். ஆனால் ஒரு மனிதர் எத்தனை காடுகளைத்தான் சுற்ற முடியும்?

1910ஆம் ஆண்டின் இறுதியில் அவருடைய ஆராய்ச்சி அரசாங்க வெளியீடாக அச்சாகி வந்தது. அதைப் படித்தவர்களில் ஒருவர் எலிசபெத் வைட் என்னும் பெண்மணி. நியூ ஜெர்சி மாநிலத்தில் வைட்ஸ்பாக் என்ற இடத்தில் அவருடைய தந்தையாருக்குப் பெரிய கிரான்பெரித் தோட்டம் இருந்தது. கிரான்பெரி என்பது சதுப்பு நிலத்தில் விளையும் சிவப்புப் பழம். அது பழுப்பது செப்டம்பரில். புளூபெரி பழுப்பது ஜூன், ஜூலை மாதங்களில். ஒரே வகை மண், இரண்டு அறுவடை. எலிசபெத் வைட் 1911ஆம் ஆண்டில் கோவிளுக்குக் கடிதம் எழுதினார். தம் நிலத்தையும் உழைப்பையும் தருவதாகச் சொன்னார். அன்று அவருக்கு வயது நாற்பதை எட்டிக் கொண்டிருந்தது.

அவர் செய்த முக்கியமான காரியம் இதுதான். நல்ல புதரைத் தேடிப் படித்தவர்களை அனுப்பவில்லை. அந்தக் காட்டில் பிறந்து வளர்ந்தவர்களையே கேட்டார். அந்த வட்டாரத்தைப் பைன் பேரன்ஸ் என்பார்கள். மணற்பாங்கான பைன் மரக்காடு. அங்கிருந்த மக்கள் விறகு வெட்டியும், வேட்டையாடியும், பழம் பறித்தும் பிழைத்தவர்கள். வெளியூர்க்காரர்கள் அவர்களை நாகரிகம் அறியாதவர்கள், மந்த புத்திக்காரர்கள் என்று ஏளனமாகப் பேசினார்கள்; எழுதவும் செய்தார்கள். தோட்டத்துப் பிள்ளைகள் என்று சொல்லி நம்மைப் பட்டணத்தில் ஒதுக்கிப் பார்த்த நாட்களை அறிந்தவர்களுக்கு, இந்த ஏளனத்தின் சுவை தெரியும்.

ஆனால் எந்தப் புதரில் எவ்வளவு பெரிய பழம் என்பது அந்த மக்களுக்குத்தான் தெரியும். பழம் பறிக்கிறவர் கை சீக்கிரம் நிறையும் புதரைத்தானே தேடிப் போவார்? எலிசபெத் வைட் அவர்களிடம் ஓர் அளவுகோலைக் கொடுத்தார். துளை போட்ட ஒரு தகடு. துளையின் அகலம் ஓர் அங்குலத்தில் எட்டில் ஐந்து பங்கு. நம் கணக்கில் 16 மில்லிமீட்டர். பழம் அந்தத் துளையில் நுழைந்து விழுந்துவிட்டால் அந்தப் புதர் வேண்டாம். விழாமல் நின்றால் அது நல்ல புதர். புதரில் கட்ட ஒரு சீட்டு, பழத்தைக் கெடாமல் போட்டு வைக்க ஒரு புட்டி, என்ன செய்ய வேண்டும் என்று அச்சடித்த குறிப்பு, இவையும் தந்தார். தேடிக் கொடுத்த புதருக்கு ஒன்று முதல் மூன்று டாலர் வரை கூலி. இலையுதிர்ந்த பிறகு அந்த இடத்துக்கு மறுபடி வழிகாட்டிச் செல்லும் நேரத்துக்கும் தனிக் கூலி.

சில ஆண்டுகளில் நூற்றுக்கும் மேற்பட்ட புதர்கள் வந்து சேர்ந்தன. அவற்றை வேரோடு எடுத்துத் துண்டுகளாக்கி, வைட்ஸ்பாக்கில் நட்டு வளர்த்தார்கள். குளிர் தாங்குமா, நோய் தாங்குமா, தொட்டால் பழம் கிழியுமா, சுவை எப்படி என்றெல்லாம் சோதித்தார்கள். பெரும்பாலானவை கழிந்தன. ஒரு சிலவே தேறின.

தேறியவற்றுக்குப் பெயர் வைக்க வேண்டும். எலிசபெத் வைட் கண்டெடுத்தவரின் பெயரையே வைத்தார். ஹார்டிங், குரோவர், டன்ஃபி, சூயி என்பவையெல்லாம் அப்படி வந்த பெயர்கள். சாம் லெமன் என்பவர் ஒரு புதரைக் கொண்டு வந்தார். லெமன் என்றால் எலுமிச்சை. நீலப் பழத்துக்கு எலுமிச்சை என்று எப்படிப் பெயர் வைப்பது? எனவே 'சாம்' என்று வைத்தார். ரூப் லீக் என்பவர் இன்னொன்றைக் கொண்டு வந்தார். ரூப் என்றால் அந்நாட்டுப் பேச்சில் பட்டிக்காட்டான். லீக் என்பது வெங்காய வாசனையுள்ள ஒரு பூண்டு. இரண்டும் பழத்துக்குப் பொருந்தவில்லை. ஆனாலும் கண்டவர் பெயர் விடுபடவில்லை. ரூப் என்பதோடு லீக்கின் முதல் எழுத்தை ஒட்டி 'ரூபெல்' என்று பெயர் சூட்டலாம் என்றார் கோவிள்.

இது வெறும் மரியாதையோடு நிற்கவில்லை. காட்டிலிருந்து வந்த புதர்களிலே ரூபெல் தலைசிறந்ததாக விளங்கியது. இன்றைக்கும் அது பயிரிடப்படுகிறது. கோவிள் நல்ல புதர்களை ஒன்றோடொன்று மகரந்தம் சேர்த்துப் புதிய இனங்களை உருவாக்கினார். 1920ஆம் ஆண்டில் வெளிவந்த பயனியர், கேத்தரின் ஆகிய இரண்டு இனங்களுக்கும் பெற்றோர் யார் தெரியுமா? மேய்ச்சல் நிலத்துப் புரூக்ஸும், பைன் காட்டுச் சூயியும். இன்று உலகெங்கும் பயிராகும் உயர்புதர் இனங்களில் பெரும்பாலானவற்றின் குலத்தைப் பின்னோக்கித் தேடினால், அந்தக் காட்டு மக்கள் காட்டிக் கொடுத்த புதர்களில் போய் நிற்கும். ரூப் லீக் பாடநூல் எழுதவில்லை. ஆனால் பாடநூல்களில் அவர் பெயர் நிற்கிறது.

நேயர்களே, இந்த வரலாற்றுக்கு இன்னொரு பக்கமும் உண்டு. அதையும் சொல்லாமல் விடுவது நியாயமாகாது. அதே வைட்ஸ்பாக்கில், 1910ஆம் ஆண்டு செப்டம்பரில் லூயிஸ் ஹைன் என்ற புகைப்படக்காரர் படம் எடுத்தார். குழந்தை உழைப்பை ஒழிக்கப் பாடுபட்ட ஒரு தேசியக் குழுவுக்காக எடுத்தவை அவை. பிலடெல்ஃபியா நகரிலிருந்து வந்த இத்தாலியக் குடும்பங்கள் கிரான்பெரி பறித்துக் கொண்டிருந்தன. பெற்றோருக்குப் பக்கத்தில் சின்னஞ்சிறு பிள்ளைகள் மண்டியிட்டுப் பறித்தார்கள். நகரத்தில் பள்ளி திறந்து வாரங்கள் ஆகியும் இந்தப் பிள்ளைகள் வயலில்தான் இருக்கிறார்கள் என்று ஹைன் குறித்து வைத்தார். எலிசபெத் வைட் இந்தக் குற்றச்சாட்டுகளை ஏற்கவில்லை. தொழிலாளர்கள் நல்ல முறையில் நடத்தப்படுவதாக வாதாடினார். வாக்குவாதம் சில ஆண்டுகள் நீடித்தது. படங்கள் மட்டும் இன்றும் இருக்கின்றன. கண்டெடுத்தவரின் பெயரைக் காத்த அதே தோட்டத்தில், பறித்த பிள்ளைகள் பலருடைய பெயர் யாருக்கும் தெரியாமலே போய்விட்டது.

இதைக் கேட்கும்போது, அதிகாலையில் தாயோடு காட்டுக்குப் போய், மங்கு துடைத்து, கட்டிப்பால் பொறுக்கி, பிறகு பள்ளிக்கு ஓடிய தலைமுறையினருக்குத் தங்கள் பிள்ளைப் பருவம் நினைவுக்கு வரும். பள்ளி வயதில் பத்துப் பிள்ளைகள் இருந்தால் தோட்டத்தில் பள்ளி நடத்த வேண்டும் என்று அன்றைய கூட்டு மலாய் மாநிலங்களில் 1923ஆம் ஆண்டுச் சட்டம் சொன்னது. சட்டம் எழுதினால் போதுமா? பிள்ளையின் கை வீட்டுக்குத் தேவைப்படாத அளவுக்குப் பெற்றோரின் கூலி இருந்தால்தான் அந்தப் பள்ளி நிறையும். அங்கேயும் இங்கேயும் இது ஒரே பாடம்.

புளூபெரியின் பயணம் அதோடு முடியவில்லை. நியூ ஜெர்சியிலிருந்து மிச்சிகனுக்குப் போயிற்று. அதற்கும் வடமேற்கே மின்னசோட்டா மாநிலத்தில் குளிர் பூஜ்யத்துக்குக் கீழே 30 டிகிரியையும் தாண்டும். அங்கே உயர்புதரின் கிளைகள் கருகிவிடும். ஆராய்ச்சியாளர்கள் குள்ள இனத்தையும் உயர் இனத்தையும் கலந்து, இடுப்புயரச் செடிகளை உருவாக்கினார்கள். 1983ஆம் ஆண்டில் நார்த்புளூ, நார்த்ஸ்கை என்னும் இனங்கள் வெளிவந்தன. செடி குட்டையானதால் பனி அதை மூடிக் கொள்கிறது. கொல்லும் என்று நாம் நினைக்கும் பனியே போர்வையாகிக் காக்கிறது. தெற்கே ஃபுளோரிடாவில், அதிகக் குளிர் கேட்காத இனங்களை உருவாக்கினார்கள். அந்த வழியில் வந்த பயிர் பெரு நாட்டுக் கடற்கரைப் பாலைவனம் வரை போய், அண்மை ஆண்டுகளில் அந்நாட்டை உலகின் முன்னணி ஏற்றுமதி நாடாக்கியிருக்கிறது.

இப்போது நம் நிரைக்குத் திரும்புவோம். நம் பால்மரத்தின் கதையும் இதே போன்றதுதான். விதை போட்டு வளர்ந்த பழைய மரங்களில் ஒன்று பால் சொரியும், ஒன்று சொட்டும். ஹெக்டருக்கு ஆண்டில் ஏறத்தாழ 500 கிலோ கிடைத்தால் பெரிது. நல்ல தாய்மரத்தின் மொட்டை எடுத்துக் கன்றில் ஒட்டுக்கட்டினால் தாயின் குணம் மாறாமல் வரும் என்பது 1910களில் ஜாவா, சுமத்ரா பகுதியில் தெளிவாயிற்று. 1921ஆம் ஆண்டில் சிலாங்கூரில் தொடங்கப்பட்ட பிராங் பெசார் தோட்டம், பல தோட்டங்களிலும் தாய்மரங்களைத் தேடிச் சேர்த்தது. அந்தத் தோட்டம் இருந்த நிலத்தில்தான் இன்று புத்ராஜெயா நகரம் நிற்கிறது. அங்கே பிறந்தது பி.பி. 86. ஜாவாவில் பிறந்தது ஜிர் 1. இந்த இரண்டையும் சேர்த்து, 1925ஆம் ஆண்டில் நிறுவப்பட்ட ரப்பர் ஆராய்ச்சிக் கழகம் உருவாக்கியதே ஆர்.ஆர்.ஐ.எம். 600. பழைய மரத்தைப் போல் மூன்று மடங்கு பால். கெடாவில் எத்தனை குடும்பங்கள் அந்த மரத்தை வெட்டி அடுப்பு மூட்டியிருக்கும்!

அந்தப் பெயர்களைக் கவனியுங்கள். பி.பி. என்றால் பிராங் பெசார். ஜிர் என்பது ஜாவாத் தோட்டம் ஒன்றின் பெயர்ச் சுருக்கம். ஆர்.ஆர்.ஐ.எம். என்றால் ஆராய்ச்சிக் கழகம். பிறகு ஓர் எண். தாய்மரம் எது என்று எப்படித் தெரிந்தது? மரத்துக்கு மரம் பாலை அளந்துதான் தெரிந்தது. அந்தப் பாலை எடுத்தது யார் கை? பிரட்டுக்குப் போய் நின்று, இருட்டில் விளக்குக் கட்டி மரம் வெட்டியவர் கை. ஒரு மரத்துக்காவது முனியம்மா என்றோ, பெரியசாமி என்றோ பெயர் வரவில்லை.

இதைப் பகையாகச் சொல்லவில்லை. ஒட்டுக்கட்டிய அறிஞர்களின் அறிவுக்கு நாம் கடன்பட்டிருக்கிறோம். ஆனால் வரலாறு எழுதும்போது எழுதுகிறவரின் கண்ணுக்குத் தெரிந்தவர் பெயர்தான் எழுதப்படும். பைன் காட்டில் அதைத் தெரிந்துகொள்ள ஒருவர் விரும்பினார். ஆகவே ரூப் லீக்கின் பெயர் நின்றது. நம் தோட்டங்களில் அப்படி யாரும் கேட்கவில்லை. ஆகவே எண்கள் நின்றன.

இன்று கோலா கெத்திலைச் சுற்றிப் பல இடங்களில் பால்மரம் போய்ச் செம்பனை வந்துவிட்டது. லயங்கள் காலியாகின்றன. பிள்ளைகள் சுங்கை பட்டாணிக்கும் பினாங்குக்கும் தொழிற்சாலை வேலைக்குப் போகிறார்கள். எந்தத் தீம்பாரில் யார் வெட்டினார், எந்த மரம் மங்கு நிறைத்தது, வேரழுகல் வந்தால் மரம் முதலில் எப்படிக் காட்டும், மழை வருமுன் பால் எப்படி மாறும் என்பதெல்லாம் இன்னும் சில தாத்தா பாட்டிமாரின் நினைவில்தான் இருக்கிறது. அவர்களிடம் யாராவது கேட்டால்தானே வெளியே வரும்?

ஆகவே, பள்ளி செல்லும் பிள்ளைகளே, ஒரு பழைய நோட்டுப் புத்தகத்தை எடுங்கள். இன்று மாலை உங்கள் பாட்டியின் பக்கத்தில் உட்கார்ந்து, நாம் தொடக்கத்தில் கேட்ட அதே கேள்வியைக் கேளுங்கள்: "பாட்டி, உங்கள் நிரையில் நல்ல மரம் எது?" அவர் சொல்வதை எழுதிக்கொள்ளுங்கள். தோட்டத்தின் பெயர், தீம்பார் எண், ஆண்டு, எல்லாவற்றையும் எழுதுங்கள். எல்லாவற்றுக்கும் மேலே, முதல் வரியில், பாட்டியின் பெயரை எழுதுங்கள்.